ரோஸிக்கு ஆபரேஷன்

கால்நடை டாக்டர் தொழிலில் ஒரு சௌகரியம், நோயாளி எதிர்த்துப் பேசாது. அதற்கும் சேர்த்துக் கூட வருகிறவர்கள் பேசிவிடுவார்கள். எண்பதுகளின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் கிளினிக் வைத்திருந்தேன். மாடு, ஆடு, நாய் என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு முயல் புகுந்தது. முயல் வளர்த்து மாட்டிக்கொண்டவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. மற்றவர்கள் இப்போதே உஷாராகிவிடலாம்.

அக்கா, தங்கை

சேலையூர் பக்கத்துக் காலனியிலிருந்து ஒரு டீச்சரம்மா, பேங்கில் வேலை பார்க்கும் கணவர், பத்து வயது மகள் சுதா, மூவரும் ஒரு பிரம்புக் கூடையோடு வந்தார்கள். கூடைக்குள் இரண்டு வெள்ளை முயல்கள். பிங்கி, ரோஸி. அக்கா, தங்கை என்று சொல்லி விற்றிருக்கிறான் கடைக்காரன். இப்போது தங்கை நாள் முழுக்க அக்காவைத் துரத்துகிறாளாம், சோபாவை நனைக்கிறாளாம், பிடிக்கப் போனால் கடிக்கிறாளாம்.

ரோஸியைத் தூக்கி மல்லாத்திப் பார்த்தேன். அதிக நேரம் தேவைப்படவில்லை. "இது பையன்" என்றேன். பிங்கியின் வயிற்றையும் தடவிப் பார்த்தேன். நல்லவேளை, இன்னும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் உடனே பிரித்து வைக்கச் சொன்னேன். டீச்சரம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ டாக்டர், ஆறு மாசமா இவனுக்கு நான் ரிப்பன் கட்டி விட்டுக்கிட்டு இருக்கேனே!"

ஆம்பளைக்கு ஆம்பளை

வழி இரண்டுதான். ரோஸிக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்வது, அல்லது படப்பையில் ஒருவர் கேட்கிறார், அவரிடம் கொடுத்துவிடுவது. படப்பைக்காரர் முயலைக் கொஞ்சுவதற்காகக் கேட்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், சுதாவுக்கும் தெரியும். அம்மா ஆபரேஷன் கட்சி. அப்பா எதிர்க்கட்சி.

இரண்டு நாள் கழித்து அப்பா மட்டும் தனியாக வந்தார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். என்ன பெரிய ரகசியமோ என்று நானும் குனிந்தேன். "சார், நீங்களும் ஆம்பளை, நானும் ஆம்பளை. மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க, இது அடுக்குமா?"

சுதாவின் கணக்கு

உண்மையில் அவரைவிட எனக்குத்தான் பயம். படிக்கும்போது மாடு, எருமையைப் பற்றிக் கற்றுத் தந்த அளவுக்கு முயலைப் பற்றிக் கற்றுத் தரவில்லை. முந்தைய வருடம் ஒரு முயல், மயக்க ஊசி போட்ட பிறகு என் கையிலேயே போய்விட்டது. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை. இதை மறைக்காமல் மூவரிடமும் சொன்னேன். பிழைக்கும் என்று உறுதி தர முடியாது என்றும் சொன்னேன்.

டீச்சரம்மா கணவரைப் பார்த்தார், கணவர் சுவரைப் பார்த்தார். எங்கள் கம்பவுண்டர் முனுசாமி, கேட்காமலே கருத்துச் சொல்கிறவர், "ஆப்ரேசன்லாம் வோணாம் சார், பேஜாரு" என்றார். கடைசியில் சுதாதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முடிவு சொன்னாள். "படப்பைக்குப் போனா கண்டிப்பா செத்துடும். இங்கன்னா சந்தேகம்தானே அங்கிள்?"

பட்டினி

நாய்க்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "முந்தின நாள் சாயங்காலத்துக்கு மேல ஒண்ணும் கொடுக்காதீங்க" என்று ரோஸிக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆபரேஷன் அன்று காலையில் பழைய நோட்டைப் புரட்டினால், முயலுக்கு வாந்தி வராது, பட்டினி போட்டால் குடல் நின்றுபோய் அதுவே ஆபத்து என்று என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. டெலிபோன் செய்யலாமென்றால் அவர்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது.

ராகு காலம் முடிந்து சரியாக ஐந்தாவது நிமிடம் வந்து இறங்கினார்கள். டீச்சரம்மா நெற்றி நிறைய விபூதி. நீங்கள் சொன்னபடி ஒரு இலைகூடக் கொடுக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார். அப்போது சுதா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "திட்டாதீங்க அங்கிள், நான் திருட்டுத்தனமா ஒரு கட்டு கொத்தமல்லி போட்டுட்டேன்."

காது

அந்தக் குழந்தையின் காலில் நான் விழாத குறைதான். ஆபரேஷன் இருபது நிமிடத்தில் முடிந்தது. முயல் எழுந்திருக்கத்தான் நேரமாயிற்று. வேண்டாம் என்று சொன்ன அதே முனுசாமிதான் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நகராமல் உட்கார்ந்திருந்தார். நான் மேஜையைப் பார்க்கப் பயந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று முனுசாமி கத்தினார். "காத ஆட்றான் சார்! கீறான் சார், உசுரோட கீறான்!"

ஐந்து

ஒன்றரை மாதம் கழித்து அதே கூடை. உள்ளே பிங்கி, பக்கத்தில் பஞ்சுக்குள் ஐந்து குட்டிகள். எனக்குத் தலை சுற்றியது. விசாரித்தால், ரோஸி ஏங்குகிறானே என்று பத்தாம் நாளே இருவரையும் ஒன்றாக விட்டிருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் தயாரான சரக்கு கொஞ்ச நாள் உள்ளேயே தங்கியிருக்கும், ஒரு மாதமாவது பிரித்து வைக்க வேண்டும். இதைச் சொல்ல மறந்தது சாட்சாத் நான்தான். மன்னிப்புக் கேட்டேன். டீச்சரம்மா முறைத்தார். கணவருக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா சார், நம்ம ஆளு விடல!"

முனுசாமியின் லீவு

அவர்கள் போன பிறகு முனுசாமி ஊசித் தட்டைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "மன்சாளுக்கும் அப்டித்தானா சார்?" என்று கேட்டார். ஆமாம், மூன்று மாதமாவது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றேன். தட்டு கீழே விழுந்தது.

பிறகு மெதுவாகச் சொன்னார். இரண்டு பையன்களுக்குப் பிறகு அவர் ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் ஆபரேஷன் செய்துகொண்டாராம். யாரும் எதுவும் சொல்லவில்லையா, சொன்னது காதில் ஏறவில்லையா, தெரியவில்லை. வருடம் திரும்புவதற்குள் ஒரு பெண் பிறந்தது. மனைவியை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணைத் தூக்கியதே இல்லையாம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போக வண்டலூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். "அர நாளு லீவு வோணும் சார். ஆறு வருசமா அவ கையால துன்னுகினு, அவ மூஞ்ச பாக்காம கீறேன்."

என் தொழிலில் நான் செய்த தவறுகளுக்குக் கணக்கே இல்லை, ஆனால் அவற்றில் ஒரு குடும்பத்துக்கு உபயோகமாகப் போனது அந்த ஐந்து குட்டிகள் மட்டும்தான்.