முன்னால் எடுத்த படம்

நீங்கள் ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்தீர்கள். அவள் முகத்தைக் கெடுத்து உங்கள் கையில் கொடுத்தவள் நான்.

இடப்பக்கம் ஒரு முகம், வலப்பக்கம் ஒரு முகம், நடுவில் வெள்ளைக் கோடு. ஒன்றில் ‘பிஃபோர்’, மற்றதில் ‘ஆஃப்டர்’ என்று எழுதியிருந்தேன். மதுரைப் பக்கம் கல்யாண மேக்கப்புக்கு ஆள் தேடியவர்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் இருந்தது அவள் முகமே அல்ல. என் போனில் நான் செய்த முகம்.

பசுமலையில் ஒரு மாடியில் பார்லர் வைத்திருக்கிறேன். மணப்பெண் அலங்காரம்தான் என் தொழில். வேலை தெரிந்தவள் என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் இப்போது யார் வேலையைப் பார்க்கிறார்கள்? பெண்ணும் அம்மாவும் படியேறி வருவார்கள். உட்காரும் முன்பே, “ஒங்க பேஜ் என்னக்கா?” என்பார்கள். அங்கேயே திறந்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். “வீட்ல கலந்துக்கிட்டு வாரோம்” என்று போவார்கள். வர மாட்டார்கள்.

சரி, கற்றுக்கொள்வோம் என்று ஒரு வகுப்புக்குப் போனேன். இன்ஸ்டாகிராமில் தொழிலை வளர்ப்பது எப்படி என்று ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். என் பக்கத்தைத் திரையில் போட்டு எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “இங்க பாருங்க, இவங்க பிஃபோர்ல பொண்ணு சிரிக்கிறா. அங்கயே தோத்துட்டாங்க. பிஃபோர் அழுகணும். அப்பத்தான் பார்க்கிறவன் வெரல் நிக்கும்.”

அவள்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. அவள் சொன்னாள். செய்தது நான்.

அந்தப் படத்தில் இருந்த மணப்பெண்ணுக்குச் சொந்த ஊர் பேரையூர். நில அளவைத் துறையில் சர்வேயர். பொட்டல் காட்டில் வெயிலில் நின்று வேலை பார்ப்பவள். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே அவளுக்கு வேறொரு பெயர் வைத்தாகிவிட்டது. அதற்கு வருகிறேன்.

வரவேற்பு அன்று மண்டபத்தில் மணமகள் அறைக்குள் அவளை உட்காரவைத்து முதல் படத்தை எடுத்தேன். பளிச்சென்று சிரித்தாள். “சிரிக்காதம்மா” என்றேன். “ஏன்க்கா, சிரிச்சா ஒங்க மேக்கப்பு ஒட்டாதா?” என்று கேட்டு இன்னும் சிரித்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “மேக்கப் போட்டப்பறம் எடுத்தத எம்புட்டு வேணும்னாலும் பேஜ்ல போட்டுக்கங்க. முன்னாடி எடுத்தத மட்டும் போட்ராதீங்கக்கா. மாப்ள வீட்ல எல்லாரும் போன்லயே கெடக்குற ஆளுக.”

“போட மாட்டேன்” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

மறுநாள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. நல்ல முகம், கொஞ்சம் நகை, கொஞ்சம் மை. இதை யார் நின்று பார்ப்பார்கள்?

வெளிச்சத்தைக் குறைத்தேன். நிறத்தை இன்னும் கருக்கினேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் இழுத்தேன். கன்னத்தில் பரு வைத்தேன். அந்தச் சிரிப்பு மட்டும் இடைஞ்சலாக இருந்தது... உதட்டோரத்தைக் கீழே இறக்கினேன். அதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. ஒருத்தி முகத்தை அழகாக்க எனக்கு அரை நாள் ஆகும். அலங்கோலமாக்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதுமானதாக இருந்தது.

படம் பறந்தது. என் பக்கம் நிறைந்தது. திண்டுக்கல்லில் இருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். “அந்தப் பொண்ணையே இப்படி ஆக்கிட்டீங்க, நான்லாம் ஒங்களுக்கு ஈஸிக்கா” என்றாள் ஒருத்தி. நானும் சேர்ந்து சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு அலங்காநல்லூர் பக்கம் ஒரு காதணி விழா. குழந்தையின் அம்மாவுக்கு அலங்காரம் செய்யப் போயிருந்தேன். முடித்துவிட்டுப் பந்திக்கு வந்தால், எதிர் வரிசையில் அந்தச் சர்வேயர் பெண். முகத்தில் பவுடர்கூட இல்லை. பக்கத்தில் கணவன். ஒரு பொடியன் ஓடிவந்து, “பிஃபோர் அத்தை, ஒங்கள அம்மா கூப்புடுது” என்றான்.

பாதியிலேயே இலையை மடக்கினேன்.

அவளுடைய நாத்தனார் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். “அடியாத்தி, நீங்கதான அந்த மேக்கப்பு அக்கா? எங்க பிஃபோர ஒரு நாளாச்சும் பொண்ணு மாதிரி காட்டுன புண்ணியவதி!” வரிசையே சிரித்தது. கணவனும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தான்.

கை கழுவும் இடத்துக்கு அவள் என் பின்னாலேயே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“அது நான் இல்லன்னு சொல்லிப் பார்த்துட்டேன்க்கா. ‘போன்லயே இருக்கே’ங்குறாங்க அத்தை. இப்ப இருக்கற மூஞ்சி கிரீம் போட்ட மூஞ்சியாம். அதான் பவுடர் போடறதையும் விட்டுட்டேன். அசல் படம் இருக்கா ஒங்கள்ட்ட?”

“இருக்கு.”

“அதப் போடுங்க. நீங்க மாத்துனீங்கன்னு எழுதிப் போடுங்க.”

“போடுறேன்” என்றேன்.

போடவில்லை. ஆவணி முகூர்த்தங்கள் முடியட்டும் என்றேன். முடிந்ததும் ஐப்பசி வந்தது. பிழைப்பு போய்விடுமே என்ற பயம். வேறு என்ன பெரிய காரணம் இருக்கிறது எனக்கு? கடைசியில் சத்தமில்லாமல் அந்தப் பதிவை நீக்கினேன். பாவம் கழிந்தது என்றுகூட நினைத்தேன்.

அவளிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. “எடுத்துட்டீங்களாமே. எல்லார் போன்லயும் சேவ் ஆகிக் கெடக்கு, ஒங்க பேஜ்ல மட்டும் இல்ல. இனி பொய்யின்னு காட்டக்கூட ஒரு எடம் இல்லாம பண்ணிட்டீங்களேக்கா.”

அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஆகவே இதோ... மூன்று படங்களையும் என் பக்கத்தில் போட்டுவிட்டேன். முதலாவது அவள் சிரித்தபடி இருக்கும் அசல் படம். இரண்டாவது நான் கெடுத்தது. மூன்றாவது அலங்காரம். முதலாவதையும் மூன்றாவதையும் பாருங்கள். என் திறமை எவ்வளவு என்று தெரியும். தைக்குக் கொடுத்த தேதிகளை ரத்து செய்ய நினைப்பவர்கள் செய்துகொள்ளுங்கள். செய்யாதவர்களும் இருப்பார்கள், அந்தப் பொய்க்காகவே வந்தவர்கள். அவர்களுக்கும் நான் அலங்காரம் செய்யத்தான் போகிறேன். எனக்கு வேறு தொழில் தெரியாது. அவள் என்னை மன்னிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நான் கேட்க வேண்டியது அவள் கணவரிடம். ஐயா, நீங்கள் பெண் பார்க்க வந்து, காபி வாங்கும்போது அவளை நேரில் பார்த்தவர். தினமும் விடிந்தால் பார்க்கிறவர். நான் ஊரான் வீட்டுப் பெண்ணைக் காட்டிப் பிழைத்தவள். நீங்கள்? இந்த மூன்று படங்களில் உங்கள் மனைவி எது என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம். உங்கள் அம்மாவும் அக்காவும் படிக்கும்படி, அந்தப் படங்களுக்குக் கீழே, உங்கள் சொந்தப் பெயரில் எழுதுங்கள்.