ஒன்பதாம் குழி

வாட்டி இம்ரி 1964 மார்ச் 2 முதல் ஆர்ட்கெலக் எஸ்டேட்டின் குடும்ப இடுகாட்டைப் பார்த்துக்கொண்டவர். சுற்றிலும் சுவர், உள்ளே பதினாறு குழிகளுக்கு இடம். தனிக் கல் எதற்கும் கிடையாது. எது யாருடையது என்பது மேற்குச் சுவரிலிருந்து அளந்து போட்ட வரைபடத்தில் மட்டுமே இருந்தது. அதை வைத்திருந்தவன் நான், எஸ்டேட் எழுத்தர் கில்ரூத்.

வாட்டியை நான் நம்பியதில்லை. உள்ளிருந்து மூட்டையோடு வருவார். கேட்டால், "அகழெலி கிளறின மண்ணு" என்பார்.

1987 நவம்பரில் எஸ்டேட் முதலாளியான துரையின் தாயார் யூஃபீமியா இறந்தார். வியாழன் அடக்கம். கணவர் ஏற்கெனவே பத்தாம் குழியில், அம்மாளுக்கு ஒன்பது. செவ்வாய்க் காலை, நான் அளந்து முளையடித்த இடத்தில் வாட்டி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"இங்க தோண்ட மாட்டேன்."

"ஏன்?"

"மாட்டேன்னா மாட்டேன்."

துரையிடம் சொன்னேன். "அடியில எதையோ ஒளிச்சிருக்கான். சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லலேன்னா வேலையும் இல்ல, வீடும் இல்ல" என்றார்.

போய்ச் சொன்னதும் வாட்டி, தோண்டுமுன் எப்போதும் குத்திப் பார்க்கும் இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கினார். நாலடியில் டொக்கென்றது.

"காலிக் குழின்னு உங்க படம் சொல்லுது. பெட்டி தட்டுது. யாரைப் போட்டு மூடினீங்க, கில்ரூத்?"

"நானா? இடுகாட்டுச் சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"எழுத்து உங்ககிட்டதானே இருக்கு?"

டேப்பை எடுத்து இடுகாட்டின் முழு நீளத்தையும் அளந்தேன். வரைபடத்தைவிட மூன்றடி குறைந்தது. 1968 ஜனவரிப் புயலில் மரம் விழுந்து மேற்குச் சுவர் இடிந்தது. வேரைத் தவிர்க்க மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டினோம். அதைப் பதிவேட்டில் எழுதியவனே நான். வரைபடத்தைத் திருத்தவில்லை. அதன்பின் அங்கே அடக்கம் எதுவும் நடக்காததால் யாருக்கும் தெரியவில்லை. தள்ளிக் கட்டிய சுவரிலிருந்து அளந்து நான் முளையடித்தது பத்தாம் குழியில், அந்த அம்மாளின் கணவர் மேல்.

தவறு என்னுடையது என்று அன்றே துரைக்கு எழுதிக் கொடுத்தேன். வாட்டியின் வேலை தப்பியது. மறுநாள் புதிய இடத்தில் முளையடித்தேன். நாலு மூலையிலும் கம்பியை இறக்கிப் பார்த்த பிறகுதான் அவர் மண்வெட்டியைத் தொட்டார்.

பெட்டியை இறக்கும் கயிறுகள் எட்டு. யார் எதைப் பிடிப்பது என்று எண்போட்ட அட்டைகள் சொந்தக்காரர்களுக்குப் போகும். எட்டாம் அட்டையை வாட்டிக்குக் கொடுக்கச் சொன்னார் துரை. கொண்டுபோய் நீட்டினேன்.

வாட்டி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"அப்ப துரைகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

கேட்டுவிட்டுத்தான் கயிற்றைப் பிடித்தார்.