கசப்புக்கு ஒரு வக்கீல்

"நாக்கை நீட்டுங்க ஐயா, கொஞ்சூண்டுதான்" என்பார் நாகையா. நாக்கை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர்கள்தாம் வக்கீல்கள். என்றாலும் இதற்கு மட்டும் தயங்குவார்கள்.

சட்டையின் இடது பையில் ஒரு பொட்டலம்: மலேரியாவுக்குத் தருகிற கசப்பு மருந்தான சர்க்கார் கொயினா, அவரே மடித்தது. வலது பையில் இன்னொன்று: சீனர் மருந்துக் கடையில் வாங்கிய அசல். முதலில் சர்க்காரைத் தொட்டு வைப்பார். சப்பென்று இருக்கும். அப்புறம் கடைச் சரக்கு. வக்கீலின் முகம் அஷ்டகோணலாகும். "இப்ப வெளங்குதா?" என்று கேட்டு, அந்தக் கோணலைத் தீர்ப்பு வந்தது போல் பார்த்துக்கொண்டிருப்பார். இதுவரை அவருக்குக் கிடைத்த தீர்ப்பும் அதுதான்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்துக்குப் பின்னால் வீடு. வெகுகாலம் சர்க்கார் மருந்துக் கிடங்கில் காய்ச்சல் மருந்து மடித்தவர். அன்றன்று விரலில் ஏறுகிற கசப்பு எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. பிசைகிற சோறெல்லாம் கசக்கும். ஒரு நாள் ராத்திரி கசக்கவில்லை. "இன்னிக்குக் கொழம்பு பிரமாதம்டி" என்றார். கல்யாணமான நாள் முதல் இந்த வார்த்தைக்குக் காத்திருந்த புஷ்பவல்லி பூரித்துப் போனாள். அவரோ பாதிச் சோற்றில் எழுந்து, விரலைக் கழுவாமல் நக்கிப் பார்த்தார். மரவள்ளி மாவு.

அன்று மடித்தவை, அவர் பையில் தங்கிப்போன ஒன்றைத் தவிர, அதற்குள் கேரித் தீவுக்குப் படகேறிவிட்டன. தோட்டத்தில் காய்ச்சல்காரர்கள் வரிசையில் நின்று, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு வரிசை குட்டையாயிற்று.

நாகையா கிடங்குப் பெரியவரிடம் ஓடிப்போய்ச் சொன்னார். அசலை வெளியே விற்றவரே அந்தப் பெரியவர்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மறுநாள் வேலை போயிற்று. சொன்ன காரணம், நாகையாவுக்குக் கை சுத்தம் போதாதாம்.

இதைக் கோர்ட்டில் நின்று சொல்ல ஒரு வாய் வேண்டும் அவருக்கு. கிள்ளான் வக்கீல் ராதாகிருஷ்ணனிடம் போனார்.

"அந்தக் கிடங்குக்காரரா? தங்கமான மனுஷனாச்சேப்பா! போன ஞாயித்துக்கெழமைகூட எங்க வீட்டுலதான் சாப்பிட்டாரு."

"அவரு சாப்பிட்டது சோறுங்க ஐயா. எங்காளுங்க சாப்பிட்டதுதான் மாவு."

வாசல் எந்தப் பக்கம் என்று வக்கீல் காட்டினார்.

கடைசியாகக் கோலாலம்பூர் கனகலிங்கம். யாழ்ப்பாணத்தார், நியாயஸ்தர் என்று பெயர். கேட்டதும் நாக்கை நீட்டியவர் அவர் ஒருவரே. இரண்டையும் நிதானமாகச் சுவைத்தார்.

"ஓம், மோசடிதான். சாட்சி ஆர்?"

"மருந்து தின்ன ஆளுங்கதான் ஐயா."

"அவையளைக் கூட்டிக்கொண்டு வாரும்."

"தீவு மண்ணுக்குள்ள கெடக்குறாங்க."

"மண்ணுக்குள்ள கிடக்கிற ஆக்கள் சத்தியம் பண்ண ஏலாது, காணும். அதுவும், அரசாங்கத்தை ஏமாத்தினதெண்டா அரசாங்கமெல்லோ வழக்கு வைக்கவேணும்? நடுவில நீர் ஆர்?"

"மடிச்சவன் ஐயா. இந்தக் கையாலதான் மடிச்சேன்."

கனகலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "அப்ப இதை வெளியில வாய் திறந்து சொல்லாதையும். முதல்ல உம்மைத்தான் பிடிப்பினம்."

நாகையா தம் விரல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வக்கீல் எழுந்து, சர்க்கார் பொட்டலத்தை மேசைமேல் அவர் பக்கமாகத் தள்ளிவிட்டார். அசல் இருந்த கடைப் பொட்டலத்தைச் சிந்தாமல் மடித்துத் தம் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.