சமரச அதிகாரியின் கடைசிச் சுற்று

யுத்த காலத்தில் ஒரு மாசி மாதம், காலை ஏழு மணிக்கு நானும் என் கணவரும் திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கினோம். ஏரித் தண்ணீருக்காக ஊருக்கு ஊர் சண்டை மூளுமுன் போய்ப் பேசித் தீர்த்து வைப்பது அவருடைய உத்தியோகம். ஏழு ஏரிகள் அவர் பொறுப்பில் இருந்தன; ஆறுக்குப் போய் வந்துவிட்டார், மிச்சமிருந்தது மயிலத்துப் பக்கத்து ஏரி ஒன்றுதான். யுத்தச் செலவைக் காட்டி, அந்த மாதத்தோடு அந்த உத்தியோகத்தை எடுத்துவிடச் சர்க்கார் முடிவு செய்திருந்தது. அவர் போகும் இடத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று நானும் கிளம்பிவிட்டேன்.

"போன வருஷம் எங்கேயும் சண்டையே நடக்கவில்லையே, பிறகு இந்த ஆள் எதற்கு என்று கேட்டார்களாம்" என்றார். சிரிக்கத்தான் முயன்றார்.

மயிலம் ஒன்பது மைல். பஸ்ஸில் ஆளுக்கு மூன்றணா. பெட்ரோல் கிடைக்காத நாட்கள், பஸ் பின்னால் கட்டிய கரி அடுப்பின் வாயுவில் ஓடியது. முதல் மேட்டிலேயே நின்றுவிட்டது.

"பேஜாரு புடிச்ச வண்டிங்க. ஆம்பளைங்கல்லாம் எறங்கி ஒரு கை குடுங்க" என்றார் டிரைவர். தள்ளிவிட்டு ஏறிய என் கணவரின் நெற்றியெல்லாம் கரி. முந்தானையால் துடைத்துவிட்டேன். அத்தனை பேர் எதிரில் அவருக்கு வெட்கம்.

மயிலம் மலைக்கோயிலைத் தாண்டி மாட்டு வண்டியில் மூன்று மைல் போனோம். ஏரி பாதிக்குக் கீழே வற்றியிருந்தது. மதகு ஒன்று, பாய்ச்சலுக்குக் காத்திருக்கும் ஊர்கள் இரண்டு. கரைமேல் ஆண்கள் இரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். இனித் தான் வரப்போவதில்லை என்று என் கணவர் சொன்னதும், மேற்கு ஊர்ப் பெரிய நிலக்காரர் துண்டை உதறினார்.

"அப்போ அடுத்த வருஷம் எங்க பலத்த நாங்க பாத்துக்கறோம்ங்க."

கிழக்கு ஊரார் எழுந்துவிட்டார்கள்.

நான் மல்லாட்டைக் கொல்லையில் கடலைக்குக் களை வெட்டிவிட்டு வந்த பெண்களோடு ஓரமாக நின்றிருந்தேன். அவர்களில் அஞ்சலை என்பவள் என் காதருகே சொன்னாள்: "அவுங்க பலம்னா எங்க ஊட்டுக்காரருதாம்மா. தடி எடுத்துக்கினு போடான்னா போயித்தான் ஆவணும். எதிர்ல வந்து நிக்கப்போறது என் தம்பி. அந்த ஊர்லதான் அவன் கூலி வேல செய்றான்."

நான் போய் அதை என் கணவரிடம் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்து, "பயப்படாமல் இங்கே வந்து சொல்லும்மா" என்றார்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கூலி கொடுக்கிறவர்கள் எதிரிலேயே ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். எழுந்து நின்ற கிழக்கு ஊரார் மறுபடி உட்கார்ந்தார்கள்.

"ஒக்காரு அஞ்சலை" என்றார் நிலக்காரர். பிறகு எதிர்ப்பக்கம் பார்த்து, "மூணு நாள் நீங்க, மூணு நாள் நாங்க. எப்பவும்போல."

"அடுத்த வருஷம்?" என்றார் என் கணவர்.

"அத அப்போ பாக்கலாம்ங்க."

சாயங்காலம் விழுப்புரம் தாலுகா கச்சேரியில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ரயிலேறினோம். பிறகு அவர் சென்னையில் மரம் விற்கும் ஒரு மரவாடியில் கணக்கு எழுதப் போனார்.

மறுவருஷம் மாசி பிறந்ததும் ஒருநாள் காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார். எந்த உத்தரவும் இல்லை. நான் புளிச்சோறு கட்டினேன். மரவாடியில் கிடைத்த ஒரு நாள் லீவில் அந்த ஏரிக்கு மட்டும் போக முடிந்தது. எங்களைக் கண்டதும் அஞ்சலை கரையிலிருந்து ஓடிவந்தாள். பின்னாலேயே அவள் தம்பி. மத்தியானத்துக்குள் பேச்சு முடிந்து மதகு திறந்தார்கள்.

மற்ற ஆறு ஏரிகளுக்கு அந்த வருஷம் யாரும் போகவில்லை. திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.