விரல் நனைந்தால் விளம்பரம்

வலது கையுறையைப் பல்லால் கவ்வி இழுத்துவிட்டு, கூரை விளிம்பில் தொங்கிய பனிக்கூம்பின் நுனியை ஆள்காட்டி விரலால் தொட்டுக்கொண்டு ஒரு பெண்மணி நின்றிருந்தார். நான் நேர்காணலுக்கு வந்த நாள் அது. பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று. காலை வணக்கம் சொன்னேன். வாயில் கையுறை இருந்ததால் கண்ணாலேயே அதட்டினார். பிறகு கையுறையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாத்தியா, காஞ்சு கெடக்கு. இன்னிக்கு ஒண்ணும் இல்ல. உள்ள வா கண்ணு, காப்பி இருக்கு." எனக்கு வேலை கொடுக்கப்போகிறவர் அவர்தான் என்பது காப்பி பாதி இறங்கிய பிறகே தெரிந்தது.

மார்லிஸ் கோஸ்கிக்கு ஐம்பத்தெட்டு வயது. அமெரிக்காவின் வடக்கே டூலூத் நகரத்து மலைச்சரிவில், தண்ணீர் புகுந்த வீடுகளை உலர்த்திக் கொடுக்கும் எங்கள் நிறுவனத்தில் விளம்பரப் பொறுப்பு அவருடையது. சுவருக்குள் குழாய் உடைந்தாலோ நிலவறையில் தண்ணீர் ஏறினாலோ எங்கள் ஆட்கள் போவார்கள். ஊறிய கம்பளத்தைப் பெயர்த்துப் போட்டு, அறைக்கு இரண்டு ராட்சத ஃபேன் வைத்து, நான்கு நாளில் வீட்டைக் காயவைத்துவிட்டு வருவார்கள். ஜனவரியில் குழாய், மார்ச்சில் பனியுருகல், ஜூனில் மழை, ஆகஸ்டில் ஈ ஓட்டுவது. இதுதான் எங்கள் ஆண்டு. எந்த நாளில் எவ்வளவு விளம்பரம் போட்டால் போட்ட காசு குட்டி போடும் என்று மார்லிஸ் சொல்வார். கணினியில் அதை ஏற்றி இறக்குவது என் வேலை.

முன்பு பத்தொன்பது ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஊரின் வீடுகள் அவருக்கு முகங்கள் மாதிரி. "ஒம்பதாவது தெரு முக்குல அந்த மஞ்ச வீடு. சூடு இல்லாத கராஜுக்கு மேல குளியலறை கட்டி வச்சிருக்கான் மகராசன். அங்க பைப் உடையாம வேற எங்க உடையும்?" என்பார். செவ்வாய்க்கிழமைதோறும் ஆறு பெட்டி டோனட்டுடன் பிளம்பர் கடைகளுக்கு ஒரு சுற்றுப் போவார். உடைந்த வீட்டுக்குள் முதலில் நுழைகிறவர் பிளம்பர்தானே. சர்க்கரை நோயுள்ள ஒரு பிளம்பருக்கு மட்டும் தனியாகப் புகைபோட்ட மீன்.

அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு. இத்தனை பேர் விளம்பரத்தைப் பார்த்தார்கள், இத்தனை பேர் அழைத்தார்கள் என்று நான் ஆரம்பித்தால் கையை உயர்த்திவிடுவார். "போன் வந்துச்சுன்னு சொல்லாத. ஃபேன் போச்சான்னு சொல்லு." கிடங்கு அலமாரியில் தொண்ணூறு ஃபேன்கள். அலமாரி காலியாக இருந்தால் லாபம், நிறைந்திருந்தால் நஷ்டம். அவ்வளவுதான்.

பனிக்கூம்பின் ரகசியத்தையும் ஒரே வரியில்தான் சொல்வார். "பைப் உடையுறது குளிர்ல. அழுவுறது வெயில்ல." கடுங்குளிரில் குழாய்க்குள் தண்ணீர் கல்லாகி இரும்பைப் பிளந்துவிடும், ஆனால் அந்தக் கல்லே பெரும்பாலும் அடைப்பாகவும் நிற்கும். குளிர் விட்டு அது கரையும்போதுதான் சுவர் ஒழுகும். தெற்குப் பக்கக் கூரையில் பனிக்கூம்பு சொட்டத் தொடங்கினால், ஊரெங்கும் சுவர்கள் ஒழுகத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் புள்ளியியலில். விரல் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. எட்டுக் குளிர்காலங்களின் இணையத் தேடல்களைத் தோண்டிப் பார்த்தேன். கடுங்குளிர் நாட்களில் மக்கள் தேடுவது உறைந்த குழாயைப் பற்றி. அவர்கள் தலைமுடி உலர்த்தும் கருவியைக் குழாயில் காட்டிவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். ஒருவரும் எங்களுக்கு வேலை தருவதில்லை. குளிர் விட்ட நாளில்தான் உடைந்த குழாயைத் தேடுகிறார்கள். தமிழில் ஓரெழுத்துதான் வித்தியாசம்: உறைந்த, உடைந்த. எங்கள் நிறுவனத்தின் பிழைப்பு மொத்தமும் அந்த ஓரெழுத்துக்குள் இருந்தது. மார்லிஸிடம் சொன்னேன். இரண்டு சொற்களையும் என்னைத் தமிழில் சொல்லவைத்துக் கேட்டுவிட்டு, தொடைதட்டிச் சிரித்தார்.

சென்ற ஜனவரியில் அந்த ஓரெழுத்தை வைத்துத்தான் அவர் தன் வேலையையே பணயம் வைத்தார்.

தொடர்ந்து இரண்டு கோடைகள் மழையில்லாமல் போயிருந்தன. முதலாளி வெண்டல் புரூனின் மேசையில், நிறுவனத்தை வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு கடிதம் கிடந்தது. விற்றால் நான்கு பேருக்கு வேலை போகும். அதில் மார்லிஸும் ஒருவர். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். விளம்பரத்துக்கு மிச்சமிருந்தது பதினெட்டாயிரம் டாலர். திங்கட்கிழமை குளிர் இறங்கியது, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. மின்னியாபொலிஸிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெரிய கம்பெனி விளம்பரத்தில் பணத்தை வாரி இறைத்தது. இணையத்தில் விளம்பரத்தை ஒருவர் ஒருமுறை தொட்டாலே, போட்டவர் கட்ட வேண்டியது தொண்ணூறு டாலர் என்றாகிவிட்டது.

மார்லிஸ் ஒரு டாலரைக்கூட எடுக்கவிடவில்லை. வெண்டல் மூன்று முறை எங்கள் அறைக்கு வந்தார். அவரும் மார்லிஸும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"ஊரே உறைஞ்சு போய்க் கெடக்கு மார்லிஸ். அவன் பேரு எல்லா எடத்துலயும் வருது, நம்ம பேரு எங்க?"

"நம்ம பேரு பத்திரமா இருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் விடு."

"தப்பாப் போச்சுன்னா?"

"பஸ் ஓட்டப் போறேன். சாவி இன்னும் எங்கிட்டதான் இருக்கு."

அந்த நான்கு நாட்களும் அவர் சும்மா இருக்கவில்லை. தன் பேருந்தில் வந்த பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு, சமையலறைத் தொட்டிக்குக் கீழே அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள், வீட்டுச் சூடு பைப்பில் படட்டும், குழாயைச் சொட்டவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வர்ற வேலையையும் நீயே தடுத்தா எப்படி என்று வெண்டல் பல்லைக் கடித்தார். இன்று காப்பாற்றப்பட்ட வீட்டுக்காரர் மார்ச்சில் நிலவறை நிறையும்போது வேறு யாரைக் கூப்பிடுவார் என்பது மார்லிஸின் பதில்.

வியாழக்கிழமை குளிர் விடும் என்று வானிலை அறிக்கை சொன்னது. விடவில்லை. விரல் காய்ந்தே இருந்தது. அன்று மதியம் தான் கொண்டுவந்த காட்டரிசி சூப்பை அவர் தொடவில்லை, நானும் தொடவில்லை.

வெள்ளி காலை பத்தேகாலுக்கு ஜன்னல் கண்ணாடியில் மூன்று தட்டு. அதுதான் எங்கள் சைகை. நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அப்பால் மார்லிஸ் விரலை உயர்த்திக் காட்டினார். விரல் நுனியில் ஒரு சொட்டு, வெயிலில் மினுங்கியது. 'உடைந்த' என்ற சொல்லுக்கான விளம்பரங்கள் அத்தனையையும் திறந்துவிட்டேன். பெரிய கம்பெனி 'உறைந்த' என்று தேடியவர்களிடமே தன் பணத்தைத் தீர்த்திருந்தது. தொண்ணூறு டாலர் முப்பதாக விழுந்து கிடந்தது.

பத்தரைக்கு முதல் போன், மஞ்சள் வீடு. அப்புறம் போனை வைக்க இடமில்லை. ஒரு கையில் பேனா, ஒரு கையில் போன், தாடைக்கும் தோளுக்கும் நடுவே இன்னொன்று. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. வெண்டலே ஃபேன்களைத் தோளில் தூக்கி ஓடினார். பிளம்பர்கள் பக்கத்திலிருந்தும் அழைப்பு, புகைமீன்காரர் ஒருவரே மூன்று வீடு கொடுத்தார்.

ஒன்றே முக்காலுக்கு மார்லிஸ் கிடங்கிலிருந்து வந்து, என் மேசைமேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். நிறுத்து என்று அர்த்தம். வெண்டல் என் மேசைக்கு ஓடிவந்தார். போன் அடித்துக்கொண்டே இருக்கும்போது கடையை மூடுவார்களா என்றார்.

"அலமாரில ஒரு ஃபேன்கூட இல்ல வெண்டல். வீட்டுக்குப் போய் என்ன பண்ணுவ, வாயால ஊதுவியா?"

அதற்குப்பின் அழைத்தவர்களுக்கு மேல்தெருவில் இருந்த சின்னப் போட்டிக்காரரின் எண்ணைக் கொடுத்தார். அன்று எங்களுக்குக் கிடைத்தது பதினோரு வீடுகள், விளம்பரச் செலவு மூவாயிரம் டாலர்கூட இல்லை. நான்கு நாளில் ஃபேன்கள் திரும்பின, மறுபடி குளிர் இறங்கி ஏறியது, மறுபடி மூன்று தட்டு. மாதக் கடைசியில் நான் பார்த்தபோது, வெண்டலின் மேசையில் கிடந்த அந்தக் கடிதத்தின் பின்பக்கம் முழுக்க ஃபேன் கணக்கு எழுதியிருந்தது. மார்லிஸைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. "பரவால்ல, மோசமில்ல," என்றார். இந்த ஊரில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

நிறுவனம் விற்கப்படவில்லை. மார்லிஸ் அதே மேசையில் இருக்கிறார். பேருந்துச் சாவி பேனாக் குவளைக்குள் கிடக்கிறது. இன்று காலை பூஜ்யத்துக்குக் கீழே ஆறு. கூரையோரம், பல்லில் கையுறையுடன் நின்றிருந்தார். வெண்டல் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். தன் கையுறையையும் கழற்றினார். மார்லிஸ் விரலை எடுக்காமலே அரையடி நகர்ந்து, பக்கத்துப் பனிக்கூம்பை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.