ஐஸ் பெட்டியில் பத்து

மாதுங்காவில் எங்கள் வீட்டுக்கு ஐஸ் பெட்டி வந்தது குழந்தையின் பாலுக்காக. காலையில் காய்ச்சிய பால் மத்தியானத்துக்குள் திரிந்துவிடும். அதற்குள் நான் முகர்ந்து முகர்ந்து பார்த்து, என் மூக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிடும். சீமைக்குத் திரும்பிய ஆபீஸ் துரை ஒருவர் என் கணவருக்கு விட்டுப்போன மின்சாரப் பெட்டி அது. உள்ளே அவர் என்னென்ன வைத்திருந்தாரோ என்று சோடா உப்பால் துடைத்தேன். போதுமா என்று தோன்றவே புளி போட்டும் தேய்த்தேன்.

பாலக்காட்டிலிருந்து வந்த மாமியார் துரையைப் பற்றிக் கேட்கவே இல்லை. கதவைத் திறந்ததும், "சாதமும் பாலும் ஒரே பெட்டியிலயா? பத்தாச்சே" என்றார். சாதம் தொட்ட கை பத்து. ஜலத்தைத் தொட்டுக்கொள்ளாமல் பாலைத் தொடக் கூடாது. ரேஷன் அரிசிச் சாதம் மிஞ்சினால் எறியவும் மனம் வராது. ஆகவே, பால் வெளியே போக வேண்டியது என்று தீர்ப்பாயிற்று.

"உள்ளேயே ஒரு கிண்ணம் ஜலம் வெச்சுடறேம்மா. தொட்டுண்டு எடுக்கலாம்" என்றேன். ஐஸ் கட்டும் அறையில்தான் இடம் இருந்தது. அங்கே வைத்தேன்.

மறுநாள் அவர் சாதத்தை எடுத்துவிட்டுக் கிண்ணத்தில் விரல் விட்டார். டொக்கென்றது.

"என்னடி இது, ஜலமா கல்லா?"

"ஜலம்தாம்மா. கொஞ்சம் கெட்டியா இருக்கு."

பேப்பருக்குப் பின்னாலிருந்து என் கணவர் இருமினார். மாமியார் விரலை எடுக்காமல் நின்றார். மெல்ல ஈரம் கசிந்தது.

"நனையறது. அப்போ சரி."

பால் தப்பியது. வினை அப்புறம்தான். வாரம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, உள்ளே படிந்த பனியை உருக்கித் துடைக்க வேண்டும். நான் துணியோடு போனால் தடுத்துவிடுவார். "அதை எதுக்கு எடுக்கறே? கை வெச்ச எடமெல்லாம் ஜலம். பத்தே ஒட்டாது. இதைவிட மடியான பெட்டி உண்டோ?"

பனி வளர்ந்தது. பால் பாத்திரத்தை நுழைக்க இடமில்லாமல் போயிற்று. வெளியே வைத்த பால் திரிந்தது. குழந்தை பசியில் வீறிட்டது. வாதாட எனக்கு வராது. மறுநாள் வெள்ளிக்கிழமை, வீட்டுப் பெண்கள் தலைக்குக் குளிக்கிற நாள்.

"அம்மா, நம்மாத்துக்கு வந்ததுலேருந்து பெட்டி தலைக்குக் குளிக்கவே இல்லை" என்றேன்.

அவர் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுவிட்சைத் தானே அணைத்தார்.

"வெந்நீரா விடு. ஏற்கெனவே சளி கட்டிண்டிருக்கு."