கன்னி மூலையில் ஒரு ஓட்டை

அந்தச் சமையலறைக் கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் திறக்கும். உள்ளே யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். திறந்ததும் புகைக்கு நடுவே, தோசைக்கல்லுக்கு முன்னால், கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் அக்கா வீட்டுக்காரர் நிற்பார். சிதம்பரத்தில் பேர் வாங்கிய மாஸ்டர். அந்தக் கதவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஓட்டல் சமையலறைகளுக்குப் புகையை இழுக்கும் ஹூட்டும், காற்றுக் குழாயான டக்ட்டும் மாட்டுவது என் தொழில், கடலூரில் பட்டறை. அடுப்புப் புகையை ஃபேன் போட்டு வெளியே இழுத்தால் மட்டும் போதாது. போகிற காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வர இன்னொரு டக்ட் வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன் சும்மா கத்தும், கதவு இறுகும், புகை ஆள் மூஞ்சியிலேயே இறங்கும். அந்த ஓட்டலில் அதற்குத் தென்மேற்குச் சுவர் ஒன்றுதான் வழி. மற்ற பக்கமெல்லாம் அடுத்த கட்டடங்கள், மேலே லாட்ஜ் அறைகள். இடையிலிருந்த சந்தில் புகைக் குழாய்க்கு மட்டுமே இடம். முதலாளி வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தார். கன்னி மூலையில் ஓட்டை போட்டால் முதலாளி உயிருக்கே ஆகாது என்று அந்த ஆள் சொல்லிவிட்டார். காற்று இல்லாமல் மாட்ட மாட்டேன் என்று நான் சண்டை போட்டேன். வேறு ஆளை வைத்துப் புகைக் குழாயை மட்டும் மாட்டிக்கொண்டார்கள்.

வேலையை விட்டுவிட்டுக் கடலூருக்கு வரும்படி மாமாவிடம் எத்தனையோ தடவை சொன்னேன். உங்கள் கைக்கு எந்த ஓட்டலும் கல்லை விட்டுக்கொடுக்கும் என்றேன். அவர் அசையவில்லை.

“நம்ம மூஞ்சியில கொஞ்சம் பொகை பட்டா என்னா மச்சான்? அவுரு உசுருக்கு ஆவாதுன்றாங்க. சோறு போட்ட மனுசன்.”

எனக்கு முதலாளியைவிட மாமா மேல்தான் அப்போது ஆத்திரம் வந்தது. மாமாவுக்கு இருமல் வந்தது, இளைப்பு வந்தது. புகைப்பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது அவரால் மாடிப்படிகூட ஏற முடியவில்லை. அவர் வேலையை விட்டு நின்றதும் கல்லுக்கு வேறு மாஸ்டர் வந்துவிட்டார். முதலாளி ஒரு எட்டு வந்து பார்க்கவில்லை.

போன கோடையில் அதே முதலாளி என்னைக் கூப்பிட்டார். சாப்பாட்டுக் கூடத்துக்கு ஏசி போட்டிருக்கிறாராம், குளிர் நிற்கவே இல்லையாம், வருகிறவர்களுக்கு வியர்க்கிறதாம். நிற்காதுதான். காற்றுக்கு ஏங்கிய சமையலறை, கூடத்துக் குளிரையெல்லாம் கதவிடுக்கு வழியாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. சொன்னேன். மறுநாளே வாஸ்துக்காரர் வந்தார். ஒரு செப்புத் தகட்டைப் புதைத்தால் கன்னி மூலை ஓட்டையின் தோஷம் போய்விடுமாம். அத்தனை வருஷம் ஒரு மனிதனின் நெஞ்சுக்குக் கிடைக்காத தகடு, ஏசிக்கு ஒரே நாளில் கிடைத்தது. அந்தக் கல்லுக்கு முன்னால் இப்போது நிற்கிறவர்களுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நானே சுவரைத் துளைத்து டக்ட் மாட்டினேன்.

குமராட்சியில் அக்கா வீட்டுக்குப் போய் மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

“மொதலாளிக்கு ஒண்ணும் ஆவலையே?”

“நல்லா இருக்காரு மாமா. ஏசியில ஒக்காந்திருக்காரு.”

மாமா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.